காடு என்னும் சொல்

கோயம்புத்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், "எங்கள் காட்டில் இவ்வாண்டு சோளம் நன்றாக விளைந்திருக்கிறது" என்பாரானால், அவர் கூறுவது தம் புன்செய் நிலத்தைப் பற்றி. சுடுகாட்டிலோ ஒரு மரமும் இல்லாதிருக்கலாம். சொற்களுக்குப் பொருள் தேடுவதையே பிழைப்பாகக் கொண்ட என் போன்றோருக்கு இது புதிதன்று. ஆனால், காடு என்றால் என்ன என்று நம் நாட்டு உச்ச நீதிமன்றமே ஒருமுறை சொல்ல நேர்ந்தது.

அக்கதை நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூரில் தொடங்குகிறது. அங்குள்ள காடுகள் முற்காலத்தில் நிலம்பூர்க் கோவிலகத்தாரின் ஜென்ம உடைமை. ஜென்ம உரிமையை ஒழிக்கத் தமிழ்நாடு அரசாங்கம் 1969-இல் சட்டம் இயற்றியது. ஆண்டுகள் பல சென்றபின், அக்காடுகளில் மரங்கள் வெட்டி வீழ்த்தப்படுவதைக் கண்டு மனம் பொறாமல், அக்குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நிலத்தைத் திரும்பக் கேட்டு அல்ல. வெட்டுவதை நிறுத்தக் கேட்டு!

முன்னர், 1976-இல் செய்த அரசியலமைப்புத் திருத்தம் காடுகளை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியிருந்தது. மத்திய அரசாங்கத்தின் முன்அனுமதியின்றிக் காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாகாது என்றது 1980-ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் அது ஒதுக்கப்பட்ட காடுகளுக்கே பொருந்தும் என்று கொள்வோர் பலர். பதிவேட்டில் காடு என்ற பெயர் இல்லையேல், கோடரிக்குத் தடையில்லை என்பது அவர்கள் வாதம்.

1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் அவ்வாதத்தை ஒதுக்கியது. உடைமையாளர் யாராயினும், பதிவேட்டில் எவ்வாறு வகுத்திருப்பினும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்றது. ஒரு மாதத்துக்குள் வல்லுநர் குழு அமைத்து, இத்தகைய காடுகளைக் கண்டறியுமாறு மாநிலங்களைப் பணித்தது.

கூடலூருக்காகத் தொடுத்த வழக்கு நாட்டின் மறுகோடியையும் எட்டிற்று. அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களில் ஹொல்லாங் மரங்கள் வான் முட்ட வளரும் மழைக்காடுகள் உள்ளன. ஒட்டுப்பலகை ஆலைகளுக்கு இரையான மரம் அது. அவ்விரு மாவட்டங்களில் மரம் வெட்டுதல் அடியோடு தடுக்கப்பட்டது, ஆலைகள் மூடப்பட்டன, எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் இருந்த அஸ்ஸாம் ஆலைகளுக்கும் அதே கதி. ஏழு வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வெட்டுமரம் வெளியே செல்வதும் தடைப்பட்டது; அரசாங்கத் தேவைக்கு மட்டும் விலக்கு.

காடு பிழைத்தது, ஆலைக் கூலியாள் பிழைப்பிழந்தான். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2002-இல், ஆக்கிரமிப்பாளரை வெளியேற்ற மத்திய அமைச்சகம் விடுத்த ஆணையோ, தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்த குடிகளையும் கலங்கச் செய்தது. அவர்களுடைய உரிமையை ஏற்கும் சட்டம் 2006-இல்தான் வந்தது.

திருமுல்பாடு 2016-இல் காலமானார். 2023-இல் செய்த சட்டத் திருத்தம், அறிவிக்கப்பட்ட அல்லது பதிவேட்டில் ஏறிய காடுகள் என்ற பழைய வரம்பை நோக்கிச் சட்டத்தைத் திருப்பியது. அதை எதிர்த்த வழக்கில், 2024 பிப்ரவரியில் நீதிமன்றம், இறுதித் தீர்ப்பு வரும்வரை 1996-இன் பொருளையே கொள்ளுமாறு இடைக்கால ஆணை இட்டது. கூடவே, அந்த வல்லுநர் குழுக்கள் கண்டறிந்த காடுகளின் விவரத்தை மார்ச் இறுதிக்குள் மத்திய அரசாங்கத்துக்கு அனுப்புமாறு மாநிலங்களுக்குக் கூறியது. ஒரு மாதத்தில் குழு அமையுங்கள் என்று சொல்லி அப்போது 27 ஆண்டுகள் கடந்திருந்தன.