வான் பொய்ப்பினும்

புனே நகருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ரஞ்சன்காவ், மகாகணபதி ஆலயத்தால் புகழ்பெற்ற ஊர். சஹ்யாத்திரி மலையின் மழைமறைவுப் பகுதியில் இருப்பதால், பருவமழை சிறிது குறைந்தாலும் இவ்வட்டாரம் வறண்டுவிடும்.

1876இல் மழை பொய்த்தது. தக்காணமும் சென்னை மாகாணமும் பஞ்சத்தில் ஆழ்ந்தன. 1877 தொடக்கத்தில் அரசு, நிவாரண வேலை செய்தோரின் கூலியை ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் சிறிது காசுமாகக் குறைத்தது. பம்பாய் மாகாணத்து மக்கள் வேலையைத் துறந்து வெளியேறினர்; புனே சார்வஜனிக் சபை அவர்களுக்காகப் பரிந்து பேசியது. உழைக்கும் உடலுக்கு அவ்வுணவு போதாதெனச் சென்னைச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பின்னரே சென்னையில் கூலி உயர்ந்தது. அதற்குள் மெலிந்த உடல்களைக் காலரா வாரிக்கொண்டது. மழை திரும்பியபின் மலேரியாவும் தொடர்ந்தது.

1972இல் மகாராஷ்டிரம் மீண்டும் வறண்டது. மறுஆண்டுக் கோடையில் ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கு நிவாரண வேலை கிடைத்தது. பெரும் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. 1977இல் வேலை உறுதிச் சட்டமும் இயற்றப்பட்டது.

புவி வெப்பமுற்றுவரும் இந்நாளில் வறட்சி மேலும் கடுமையாகக்கூடும். வானை நாம் ஆள இயலாது. ஆயினும் கூலியும் உணவும் தூய நீரும் காலத்தே சென்றடையுமாயின், வறட்சி சாவாக மாறாது என்பதை இவ்விரு பஞ்சங்களும் நமக்கு உணர்த்துகின்றன.