வீட்டில் துப்பாக்கிப் பட்டறை வைக்கலாமா? ஒரு சட்ட வரலாறு

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் பெரிய கார் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. 2018-ல் தமிழகத்துக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் திருச்சியில் அது தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்தும் அதன் மையங்கள். அப்படியானால், வீட்டுக் கொல்லையில் லேத் வைத்திருப்பவர் துப்பாக்கிக்கும் பாகம் செய்யலாமா?

இதற்குப் பதில் தேட 200 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் கொல்லரின் உலை வீட்டை ஒட்டியே இருந்தது. ஏர்க்கொழு அடித்த கைதான் வேலும் அடித்தது. மருது சகோதரர்களின் கிளர்ச்சியை அடக்கிய பின், 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கட்டுப்பாடு நாடு முழுவதும் பரவியது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. இந்தப் பாரபட்சம்தான் தேசியத் தலைவர்களைக் கொதிக்க வைத்தது.

சுதந்திர இந்தியா பாரபட்சத்தை நீக்கியது, ஆனால் உரிமத்தை நீக்கவில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கி செய்ய, விற்க, பழுதுபார்க்க, எல்லாவற்றுக்கும் உரிமம் தேவை. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும் கூட அடங்கும். உரிமத்தில் தொழில் நடக்கும் இடமும் எழுதப்படுகிறது. 2019 திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம்.

இது ஒரு கதவு. இரண்டாவது கதவு நிலப் பயன்பாடு. 1971-ன் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று பிரிக்க வழி செய்தது. குடியிருப்புப் பகுதியில் சிறு குடிசைத் தொழிலுக்கு இடமுண்டு. ஆபத்தான தொழிலுக்கு இல்லை.

அமெரிக்காவில் 1968 சட்டப்படி உரிமம் பெற்ற பலர் வீட்டிலிருந்தே துப்பாக்கி விற்றார்கள். 1990-களின் தொடக்கத்தில் உரிமதாரர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். கட்டணம் உயர்ந்தது; உள்ளூர் மண்டல விதிக்கு உட்பட்ட இடம்தான் என்று உறுதி தர வேண்டும் என்று 1994-ல் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரு லட்சமாகச் சுருங்கியது.

நம் நாட்டில் பீகாரின் முங்கேர் ஒரு பாடம். மீர் காசிம் நவாப் காலத்திலிருந்து அங்கே துப்பாக்கித் தொழில் உண்டு. உரிமம் பெற்ற பட்டறைகள் ஒரே வளாகத்துக்குள் வைக்கப்பட்டன. அங்கே வேலை குறைந்தபோது, கைத்தொழில் தெரிந்த சிலர் வீட்டுக்குள் கள்ளத் துப்பாக்கி செய்யத் தொடங்கினார்கள். அந்த ஊரின் பெயரே கள்ளத் துப்பாக்கிக்கு அடையாளமாகிவிட்டது.

ஆக, நம் பட்டறைக்காரருக்குப் பதில்: உரிமமும் உரிய இடமும் இல்லாமல் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தையை நினைத்தால் இது நியாயமே. ஆனால் முங்கேர் இன்னொன்றும் சொல்கிறது. வீட்டுக் கதவை மூடினால் மட்டும் போதாது, தொழிற்பேட்டைக் கதவைச் சிறு தொழிலாளிக்கும் திறந்து வைக்க வேண்டும்.