குழந்தையைக் காத்த குப்பி மூடி

வீட்டில் மருந்தை எடுத்து விழுங்கிக் குழந்தை ஒன்று துன்புறின், ‘தாய் எங்கே போனாள்?’ என்பதே பலரும் எழுப்பும் முதல் வினாவாகும். அதனை விடுத்து, ‘குப்பியின் மூடி ஏன் இத்துணை எளிதில் திறந்தது?’ என்று வினவியவர் ஒருவர் உளர். அவர் கனடா நாட்டுக் குழந்தை மருத்துவர் ஆன்றி பிரோ ஆவார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆஸ்பிரின் மாத்திரைகள் ஆரஞ்சுச் சுவையூட்டி விற்கப்பட்டன. குழந்தை மறுக்காமல் உண்ணவேண்டும் என்பதே நோக்கம். ஆனால் சுவை கண்ட குழந்தை அதனை மிட்டாய் என்றே கருதிற்று. அளவோடு உண்டால் மருந்து. கைநிறைய அள்ளி உண்டால் அதுவே நஞ்சு.

ஒன்டாரியோ மாநிலத்து விண்ட்சர் நகர மருத்துவமனையில் நச்சுக் கட்டுப்பாட்டு நிலையத்தை நடத்திவந்த பிரோ, பெற்றோருக்கு அறிவுரை கூறிப் பார்த்தார். போதிய பயன் விளையவில்லை. ஒருநாள் பின்னிரவில் வீடு திரும்பிய அவர், குழந்தைகளின் வயிற்றைக் கழுவிக் கழுவிச் சலித்துவிட்டதாக மனைவியிடம் கூறினாராம்.

அவர் தூண்டுதலால், அந்நகரத் தொழிலதிபர் பீட்டர் ஹெட்ஜ்விக் 1967-இல் புதுவகை மூடியொன்றை உருவாக்கினார். உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே திருகினால்தான் அது திறக்கும். இவ்விரு செயல்களையும் ஒருங்கே செய்வது சிறு குழந்தைக்கு அரிது. விண்ட்சர் வட்டாரத்தில் மருந்துண்டு நஞ்சேறிய குழந்தைகளின் தொகை நூற்றுக்கு 91 பங்கு குறைந்தது என்பர். அமெரிக்கா 1970-இல் இத்தகைய பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றியது. ஒன்டாரியோ 1974-இல் இம்மூடியைக் கட்டாயமாக்கியது.

எனினும், இம்மூடி முற்றுங் காக்கும் கவசமன்று. ஏறத்தாழ நான்கு வயதுக் குழந்தைகளிடம் கொடுத்துச் சோதிக்கும்போது, நூற்றுக்கு 80 பேரேனும் 10 நிமிடத்திற்குள் திறக்க இயலாதிருந்தால் போதும் என்பதே அமெரிக்க விதி. எஞ்சியோர் திறந்துவிடக்கூடும். மூடி தருவது சிறிது நேரமே. எட்டாத உயரமும் பூட்டிய பேழையும் இன்றும் வேண்டும். மருந்தை மிட்டாய் என்று சொல்லி ஊட்டும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

தாயின் கண் ஒரு நொடி அயர்வது இயல்பு. அந்நொடியிலும் குழந்தையைக் காக்குமாறு பொருளைத் திருத்தியமைப்பதே அறிவுடைமை. பிரோவின் வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே.