கரண்ட்டு வரலை

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பெரிய வீட்டின் கார் ஷெட்டைத் திறந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு மேலாக மூடிக் கிடந்த ஷெட். உள்ளே அந்தக் கறுப்பு வண்டி. எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதமாட்டேன். எழுதினால் வீடு எது என்று கீழச்சிவல்பட்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

அந்த வீட்டின் இப்போதைய வாரிசு வெளிநாட்டில் இருப்பவர். வண்டியை மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசை. காரைக்குடியிலிருந்து எழுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தார். "அண்ணே, நீங்க ஈ.பி.ல இருந்தவரு, கரண்ட்டு சமாச்சாரம் தெரியும்ல, கூட நில்லுங்க" என்றார். மின்வாரியத்தில் 34 வருடம் இருந்தவனுக்குக் காரின் கரண்ட்டும் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நானும் மறுக்கவில்லை. எனக்கு அந்த வண்டியோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெட்ரோல் இன்ஜினுக்கு மூன்று வேண்டும் என்பார்கள்: பெட்ரோல், அமுக்கம், பொறி. இதில் பொறிதான் கண்ணாமூச்சி காட்டுவது. கார் வந்த காலத்தில் எல்லா வண்டிக்கும் இந்தத் தொல்லை இல்லை. 1903-ல் சென்னையில் சிம்ப்சன் கம்பெனி கட்டி ஓட்டிய கார் நீராவி வண்டி. தண்ணீர் கொதித்தால் போதும், பொறி தேவையில்லை. பெட்ரோல் வண்டி ஜெயித்த பிறகுதான் பொறியைத் தேடும் வேலை டிரைவர்களின் தலையில் விழுந்தது.

ஆரம்பத்தில் மேக்னெட்டோ. பேட்டரி வேண்டாம், இன்ஜின் சுற்றும்போது அதுவே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். ஜெர்மனியில் பாஷ் கம்பெனியின் ஹோனோல்ட் என்பவர் 1902-ல் உயர் அழுத்த மேக்னெட்டோவைச் செய்து கொடுத்தார். ஃபோர்டின் டி மாடல் வண்டியில் மேக்னெட்டோ ஃப்ளைவீலிலேயே இருந்தது. அதோடு, மரப்பெட்டிக்குள் நாலு காயில், சிலிண்டருக்கு ஒன்றாக, வண்டு போல ரீங்கரித்துக்கொண்டிருக்கும். எந்தக் காயிலின் ரீங்காரம் நிற்கிறதோ அந்தச் சிலிண்டர் அவுட். காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங். கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்திய மனிதர் அவர். பேட்டரி, ஒரே ஒரு காயில், ஒரு காண்டாக்ட் பாயிண்ட், ஒரு கண்டென்சர் என்று அவர் அமைத்த முறை 1910-ம் ஆண்டு காடிலாக் வண்டிகளில் வந்தது. ஹேண்டில் சுற்றும் வேலையைக் குறைத்த செல்ஃப் ஸ்டார்ட்டரும் இரண்டு வருடத்தில் அவர் கையிலிருந்தே வந்தது. நம் ஊர்த் தெருக்களில் 1980-கள் வரை ஓடிய கார்களில் பெரும்பாலும் அவருடைய முறைதான்.

இதன் சூட்சுமம் எளிது. காயிலுக்குள் இரண்டு சுற்று. ஒன்று சில நூறு சுற்று, தடிமனான கம்பி. மற்றது பல்லாயிரம் சுற்று, மயிரிழைக் கம்பி. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் முதல் சுற்றில் ஓடும். பாயிண்ட் திறந்த கணத்தில் அந்தக் காந்தப்புலம் சரியும். இரண்டாவது சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எகிறும். எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து சேரும் லைன் 11,000 வோல்ட். ஏறக்குறைய அதே அளவு உங்கள் கார் பிளக்கின் நுனியிலும் என்றால் பலர் நம்புவதில்லை. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் பாயிண்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. திறக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. பட்டறையில் "15 தவ்" என்பார்கள்.

அந்தப் பாயிண்டுக்கு நம் பக்கத்தில் "பிளாட்டினம்" என்று பெயர். மேக்னெட்டோ காலத்தில் அதன் முனையில் உண்மையான பிளாட்டினம் வைத்திருந்தார்கள். பிறகு டங்ஸ்டன் ஆகிவிட்டது. ஆனாலும் பெயர் போகவில்லை. "பிளாட்டினத்தை உப்புத்தாள் வச்சு ஒரு தேய் தேய்" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் என் வயதுக்காரர் யாரும் நீண்ட கார்ப் பயணம் போயிருக்க முடியாது.

நம் பக்கத்துக்குக் கார்கள் வந்த விதம் தெரிந்ததுதான். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் சம்பாதித்த பணம் தேக்கு உத்தரமாகவும் இத்தாலிச் சலவைக்கல்லாகவும் வந்தது போலவே மோட்டாராகவும் வந்தது. வில்வண்டி நின்ற இடத்தில் ஷெட் எழும்பியது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த ஊற்று அடைபட்டது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கரி வாயுவில் பஸ் ஓடிய காலம் அது. பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு போன பஸ்ஸுக்கும் பொறி மட்டும் வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வேறு சிக்கல். இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாமல் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இடமில்லை என்ற நிலை 1953-ல் டாரிஃப் கமிஷன் அறிக்கையோடு வந்தது. 1928 முதல் பம்பாயில் கார் பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையைக் கட்டியது. நம் ஷெட்டுகளில் நின்ற செவர்லேக்களுக்கும் ப்யூக்குகளுக்கும் உதிரி பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பானது. 1951-ல் தொடங்கிய மைகோ பெங்களூரில் பிளக் செய்தது. சென்னை பாடியில் 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ். வந்து டைனமோ, காயில், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் இங்கேயே செய்யத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் டிரைவர்தான் தொழிற்சாலை. ஒரு வண்டிக் கண்டென்சரை இன்னொரு வண்டிக்குக் கட்டுவார்கள், உடைந்த ரோட்டரை அரக்கு வைத்து ஒட்டுவார்கள். அந்தத் தலைமுறை டிரைவர்கள் பெயரை யாரும் கல்வெட்டில் பொறிக்கவில்லை.

இனி என் கணக்குக்கு வருகிறேன். 1969. எனக்குப் பதினொரு வயது. அந்த வீட்டு டிரைவர் அண்ணனை எங்களுக்கெல்லாம் பிடிக்கும், வண்டி கழுவும்போது ஹார்ன் அடிக்க விடுவார். வண்டியில் ஒரு கோளாறு வந்தது. ஷெட்டில் ஸ்டார்ட் செய்தால் தேன் போல ஓடும். ரோட்டில் ஏறி வேகம் பிடித்ததும் பொசுக்கென்று அணைந்துவிடும். இறங்கி பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கும். அவர் பிளக்கை மாற்றினார், பிளாட்டினம் மாற்றினார், காயில் மாற்றினார். "கரண்ட்டு எங்கயோ போகுதுங்க, எங்கன்னுதான் பிடிபடலை" என்பார்.

ஒருநாள் முதலாளி சென்னையில் ஒரு சொத்து வழக்குக்காகக் காரைக்குடியில் ரயில் பிடிக்கக் கிளம்பினார். வழியில் வண்டி மூன்று தடவை நின்றது. ரயில் போய்விட்டது. திரும்பி வந்து முகப்பில் நின்றுகொண்டு, தெருவே கேட்க, "எதிராளிகிட்ட எவ்வளவு வாங்குனே?" என்று கேட்டார். டிரைவர் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நம் பக்கத்தில் அவரை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. அடுத்து வந்த டிரைவரிடமும் வண்டி அதே போல நின்றது. "ராசியில்லாத வண்டி" என்று ஷெட்டைப் பூட்டினார்களே தவிர, முதலில் போனவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது அந்தக் காரைக்குடி மெக்கானிக் செய்ததைச் சொல்கிறேன். பெட்ரோல் டாங்க்கைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, ஹேண்டிலால் இன்ஜினை இளக்கிவிட்டிருந்தார். புது பேட்டரி. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் சாய்த்து வைத்துச் சுற்றினார். பொறி இல்லை. காயிலின் நடுக் கம்பியைப் பிடுங்கி, இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்துச் சுற்றினார். அங்கும் இல்லை. அங்கே பொறி வந்திருந்தால் குற்றம் மூடியிலோ ரோட்டரிலோ பிளக்கிலோ. வரவில்லை என்பதால் பின்னோக்கிப் போக வேண்டும்.

பையிலிருந்து ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை எடுத்தார். இரண்டு கம்பி கட்டியது, அவ்வளவுதான் கருவி. ஒரு கம்பியைப் பாடியில் கொடுத்து, மற்றதைக் காயிலுக்குக் கரண்ட் வரும் முனையில் வைத்தார். எரிந்தது. சாவி, வயர் எல்லாம் சரி. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் வைத்தார். எரிந்தது. பாயிண்ட் திறந்திருந்தால் எரியணும், மூடினால் அணையணும். இன்ஜினை மெல்லச் சுற்றி பாயிண்ட்டை மூட வைத்தார். அணையவில்லை. துருவைத் தேய்த்தார், 15 தவ் வைத்தார். அப்போதும் அணையவில்லை.

"சார், இங்க பாருங்க" என்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விரலை விட்டார். வெளி முனையிலிருந்து பாயிண்டுக்குப் போகும் துணி சுற்றிய ஒரு கம்பி, இரண்டு அங்குலம்கூட இருக்காது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு அசையக்கூடியது. ஆக்ஸிலேட்டரை மிதித்து ஓடும்போது கார்புரேட்டரிலிருந்து வரும் சன்னக் குழாய் உறிஞ்சி அந்தத் தட்டைச் சற்றுத் திருப்பும். தட்டோடு கம்பியும் வளையும். வளைந்து வளைந்து உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. மேலே துணி மட்டும் முழுசாக இருக்கிறது. ஷெட்டில் சும்மா ஓடும்போது தட்டு அசையாது, மிச்ச இழைகள் தொட்டுக்கொள்ளும். ரோட்டில் வேகம் பிடித்தால் விலகும். வண்டி நின்றதும் தட்டு பழைய இடத்துக்கு வரும், மறுபடி தொடும். இத்தனை வருடத்தில் மிச்சமிருந்ததும் போய்விட்டது.

அவர் கம்பியை நறுக்கி எடுத்துப் பிளேடால் கீறிக் காட்டினார். பச்சை பிடித்த தூள் உதிர்ந்தது. புதுக் கம்பி ஒன்றைப் பற்றவைத்தார். நாலாவது சுற்றில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் அந்தப் பழைய கம்பித்துண்டைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டேன்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஆச்சி வந்தார்கள். அந்த முதலாளியின் மனைவி, தொண்ணூறை நெருங்கும் வயது. என்ன கோளாறு என்று கேட்டார்கள். சொன்னேன். கவரை வாங்கிக் கம்பியை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்கள். "அவரு மகன் திருப்பத்தூர்ல டீக்கடை வச்சிருக்கான்னு சொன்னாங்களே, என்னையக் கூட்டிட்டுப் போறியாப்பா?" என்றார்கள்.

கறுப்பு வண்டிக்கு எஃப்.சி. இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. மறுநாள் காலை ஆட்டோ பிடித்துத்தான் போனோம். கடையில் கூட்டம். மகனுக்கே அறுபது இருக்கும். ஆச்சியைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். நான் கம்பியைக் காட்டி விவரம் சொன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு, கரண்ட்டு வரலைன்னு" என்றார்.

ஆச்சி டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆறிப்போய்விட்டது. அவர் வேறொன்று போட்டுக் கொடுத்தார்.