கைகாட்டி மரமும் கணிப்பொறியும்

ஒருவர் தனித்திருந்து செய்யும் தொழிலில் பிழை நேர்ந்தால், அதனை மீண்டும் ஒருமுறை செய்து பார்த்துப் பிழை புகுந்த இடத்தைக் கண்டுகொள்ளலாம். இருவர் ஒரே வேளையில் ஒரே பொருளைக் கையாளும் தொழிலிலோ, இருவரும் தத்தம் கடமையில் வழுவாதிருந்தும் முடிவு பிழைபடுதல் உண்டு. இப்பிழையைத் தடுப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு மனிதர் விடை தேடிய வரலாறு, இருப்புப்பாதையில் தொடங்கிக் கணிப்பொறியில் தொடர்கிறது. அது உயிர்ப்பலி கொண்ட வரலாறுமாகும்.

இங்கிலாந்தில் நார்விச் நகருக்கும் பிரண்டல் என்னும் ஊருக்கும் இடையே 1874-இல் இருந்தது ஒற்றைப் பாதை. அவ்வாண்டு செப்டம்பர் 10 இரவு, நார்விச் வழியே யார்மத் செல்லவேண்டிய விரைவு வண்டி தாமதப்பட்டது. ஆகவே, பிரண்டலில் அதற்காகக் காத்திருக்கவேண்டிய தபால் வண்டியை முன்னே வரவிடலாம் என்று கருதி நார்விச் நிலையத்தில் தந்திச் செய்தி ஒன்று எழுதப்பட்டது. அதிகாரி கையொப்பம் இட்ட பின்னரே செய்தி அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. ஆயினும் கையொப்பத்துக்கு முன்னரே செய்தி போய்விட்டது. போகவில்லை என்று எண்ணிய அதிகாரி, அதற்குள் வந்து சேர்ந்த விரைவு வண்டிக்கு விடை கொடுத்தார். உண்மை தெரிந்து, தபால் வண்டியை நிறுத்துமாறு மறுதந்தி அடித்தபோது, வண்டி புறப்பட்டுவிட்டது என்ற விடையே வந்தது. இனி அவ்விரு வண்டிகளையும் தடுத்து நிறுத்த எவராலும் இயலவில்லை. தார்ப் என்னும் இடத்தில் அவை நேருக்கு நேர் மோதின, பலர் மாண்டனர்.

இவ்விபத்தின் வேர் எது? பாதை ஒழிந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு செயல். அதனைத் தமக்கென எடுத்துக்கொள்வது மற்றொரு செயல். இவ்விரு செயல்களுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் உலகம் மாறிவிட்டது. எட்வர்டு டயர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார் இவ்விடைவெளியை அடைக்க முற்பட்டார். 1878-இல் அவர் வகுத்த முறையில், ஒற்றைப் பாதையின் இரு முனைகளிலும் மின்கம்பியால் பிணைக்கப்பட்ட இரு பெட்டிகள் இருக்கும். அவற்றுள் வட்டத் தகடுகள் இருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டிக்குள் இடப்படும் வரையில், இரு பெட்டிகளிலும் வேறொரு தகடு வெளிவராது. தகடு கையில் இல்லாத ஓட்டுநர் அப்பாதையில் நுழையலாகாது. பார்த்தலும் எடுத்தலும் இவ்வாறு பிரிக்கவொண்ணாத ஒரே செயலாயின. நம் நாட்டு ஒற்றைப் பாதை நிலையங்களில், தோற்பையுடன் கூடிய வளையத்தை ஓடும் வண்டியின் ஓட்டுநர் கைநீட்டி வாங்கிய காட்சி நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். அப்பையில் இருந்த உருண்டையும் இத்தகட்டின் இனத்தைச் சேர்ந்ததே.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1950-களின் பிற்பகுதியில் ஓர் இடர்ப்பாடு தோன்றியது. கணிப்பொறி மிக விரைந்து கணக்கிட்டது. அதனோடு இணைந்த அச்சுப்பொறி முதலியனவோ மெல்ல இயங்கின. மெல்லச் செல்வதற்காக விரைந்து செல்வது வாளா இருப்பானேன்? ஒரு பணி காத்திருக்கும் வேளையில் மற்றொரு பணியைக் கவனிக்கும்படி கணிப்பொறியை அமைத்தனர். வேகம் பெருகியது, அதனோடு புதியதொரு பிழையும் பிறந்தது.

ஒரு வங்கியின் பேரேட்டை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கணக்கில் 500 ரூபாய் இருக்கிறது. எழுத்தர் ஒருவர் அதனைப் படித்து, 100 ரூபாய் கழிக்கக் கருதுகிறார். அவர் எழுதுவதற்குள் மற்றோர் எழுத்தரும் அதே 500-ஐப் படித்து, 200 ரூபாய் கூட்டக் கருதுகிறார். முன்னவர் 400 என்று எழுதுகிறார். பின்னவர் அதன்மேல் 700 என்று எழுதுகிறார். இருக்கவேண்டியது 600. இருவர் கணக்கிலும் பிழையில்லை. பேரேட்டில் மட்டும் பிழை இருக்கிறது. கணிப்பொறியும் ஓர் எண்ணை மாற்றுமிடத்துப் படித்தல், கணக்கிடுதல், எழுதுதல் என மூன்று படிகளில் செய்வதே வழக்கம். அப்படிகளின் நடுவே பிறிதொரு பணி புகுந்தால் இதே கேடு விளையும். ஆயிரம் முறை விளையாமல் இருந்து, ஆயிரத்தோராம் முறை விளைவதும் உண்டு. சோதிப்பவர் கண்ணுக்கு அகப்படாதிருத்தலே இப்பிழையின் இயல்பு.

இதனைத் தெளிவாக ஆராய்ந்தவர்களுள் தலையாயவர், ஹாலந்து நாட்டில் 1930-இல் பிறந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. இரு பணிகள் ஒன்றையொன்று இடறாமல் பொதுப்பொருளைக் கையாள அந்நாட்டுக் கணித அறிஞர் டெக்கர் ஒரு வழி கண்டிருந்தார். பணிகள் எத்தனையாயினும் பொருந்தும் வழியை டைக்ஸ்ட்ரா 1965-இல் மிகச் சுருங்கிய கட்டுரையொன்றில் வெளியிட்டார். அதே காலத்தில் அவர் எளிய கருவியொன்றையும் வகுத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் செமஃபோர், அதாவது கைகாட்டி மரம்! பொதுப்பொருளைத் தொட விரும்பும் பணி முதலில் கைகாட்டியைக் கேட்கவேண்டும். வழி ஒழிந்திருந்தால் அக்கணமே அது அப்பணிக்கு உரியதாகும்; இல்லையேல் பணி காத்திருக்கும். வேலை முடிந்ததும் வழியை விடுவிக்கவேண்டும். கேட்பதும் கொள்வதும் இங்கும் பிரிக்கவொண்ணாத ஒரே செயல். டயரின் தகடு எண்ணுருவில் மீண்டும் பிறந்தது எனலாம்.

காத்திருத்தலிலும் ஓர் ஆபத்து உண்டு. முதல்வன் கையிலுள்ளதற்கு இரண்டாமவனும், இரண்டாமவன் கையிலுள்ளதற்கு முதல்வனும் காத்திருந்தால், இருவரும் என்றென்றும் காத்திருக்க நேரும். இம்முட்டுக்கட்டையையும் டைக்ஸ்ட்ரா ஆராய்ந்தார். 1970-களில் ஹோர், பிரிஞ்ச் ஹான்சன், லாம்போர்ட் முதலிய அறிஞர்கள் இத்துறையை மேலும் வளர்த்தனர்.

அறிவு வளர்ந்தது, ஆயினும் அது பயன்படவேண்டிய இடத்தில் எல்லாம் பயன்பட்டதா? இல்லை என்பதற்குத் தெராக்-25 என்னும் கருவியே சான்று. கனடா நாட்டு அணுசக்தி நிறுவனம் ஆக்கிய இக்கருவி, புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை அளிப்பது. மென்மையான எலெக்ட்ரான் கதிரையும், வலிய எக்ஸ் கதிரையும் இது தரவல்லது. எக்ஸ் கதிருக்கெனப் பெருக்கப்படும் எலெக்ட்ரான் கற்றை, உரிய தடுப்பின்றி நோயாளியின் உடலில் நேரே பாயுமாயின் அது கொடிய தீங்காய் முடியும்.

1986-ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் இரு நோயாளிகளுக்கு அது நேர்ந்தது. கருவியை இயக்கியவர் தவறி எக்ஸ் கதிர் என்று பதிந்துவிட்டு, உடனே அதனை எலெக்ட்ரான் என்று திருத்தினார். திரையில் திருத்தம் தெரிந்தது. ஆனால் கருவியின் காந்தங்களை அமைத்துக்கொண்டிருந்த மற்றொரு பணிக்கு அத்திருத்தம் எட்டவில்லை. அவ்வமைப்புக்கு ஏறக்குறைய 8 விநாடி வேண்டும். அதற்குள் திருத்தி முடித்தால் மட்டுமே பிழை தலைகாட்டும். மெல்லத் தட்டிச் சோதித்தவர்க்கு அது தென்படவில்லை. தொழிலில் தேர்ந்து விரைந்து தட்டிய கைக்கே தென்பட்டது. அவ்விரு நோயாளிகளும் பின்னர் உயிர் நீத்தனர். 1985 முதல் 1987 வரை இக்கருவியால் அளவு மீறிய கதிருக்கு ஆளானோர் அறுவர். அவருள் குறைந்தது மூவர் மாண்டனர்.

ஆராய்ந்தபோது மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. இதே பிழை, முன்னைய தெராக்-20 கருவியின் நிரலிலும் இருந்தது. ஆனால் அக்கருவியில், கணிப்பொறியை நம்பியிராத தனிப் பூட்டுகள் இருந்தன. அவை கதிர் பாயாதவாறு தடுத்தன. புதிய கருவியில் அப்பூட்டுகளை நீக்கி, அவற்றின் கடமையை நிரலிடமே ஒப்படைத்திருந்தனர். டைக்ஸ்ட்ரா கைகாட்டியை வகுத்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது!

இன்று நாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் தொலைபேசியிலேயே ஒரே வேளையில் கணக்கிடும் உட்பொறிகள் பல இருக்கின்றன. வங்கியும் மருத்துவமனையும் இருப்புப்பாதையும் இத்தகைய கருவிகளின்மேல் நிற்கின்றன. விரைவு ஒரு நன்மைதான். ஆனால் பலர் பங்குகொள்ளும் பொருளில் விரைவைவிட முறையே பெரிது. ஒருவர் முடிக்கும் வரையில் மற்றவர் நிற்கும் அந்தச் சிறு பொழுதை வீண்பொழுது என்று எண்ணலாகாது. 1874-இல் தார்ப் நகர் இதனைக் கற்பித்தது. 1986-இல் டைலர் நகர் மறுபடியும் கற்பித்தது. மூன்றாம் முறை இப்பாடம் உயிரை விலையாகக் கேளாதிருக்கும்படி செய்வது, கருவி செய்வோர் கையில் இருக்கிறது.