சொந்தமாக பிசிபி ஆர்டர் செய்யப் போறீங்களா? பட்டனை அழுத்தும் முன் இதைப் பாருங்க!

பிரட்போர்டில் செய்த ப்ராஜெக்ட்டில் ஒரு வயர் கழன்றால் போதும், மொத்தமும் நின்றுவிடும். அதையே சொந்த சர்க்யூட் போர்டாக மாற்ற இப்போது லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும். ஆனால் அச்சாகி வந்த போர்டை அழித்து எழுத முடியாது. ஒரு கனெக்‌ஷன் விட்டுப்போனாலும் காசும் போச்சு, காத்திருந்த நாட்களும் போச்சு. கல்லூரி ப்ராஜெக்ட் என்றால் ரிவ்யூ தேதியும் சேர்ந்து போகும்.

அர்டுயினோ ஊனோவில் இருக்கும் அதே 'ஏடிமெகா328பி' சிப்பை உதாரணமாக வைத்து, எங்கெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

பிசிபி எப்படி தயாராகிறது?

கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த தகட்டின் மேல் மெல்லிய செம்பு ஒட்டப்பட்டிருக்கும். தேவையான பாதைகளை விட்டுவிட்டு மற்ற செம்பை கரைத்து எடுத்தால், அதுதான் பிசிபி. வழக்கமான தடிமன் 1.6 மி.மீ. செம்பின் தடிமன் சுமார் 35 மைக்ரான்.

ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஊற வைத்து வீட்டிலேயே செய்பவர்களும் உண்டு. ஆனால் இருபக்க போர்டு, துல்லியமான துளைகள் வேண்டும் என்றால் தொழிற்சாலைதான் வசதி. இந்தியாவிலும், சீனாவின் ஷென்சென் நகரிலும் உள்ள பல நிறுவனங்கள் ஐந்து போர்டு கேட்டாலும் செய்து தருகின்றன.

எதில் வரைவது?

'கிகேட்' என்ற இலவச மென்பொருளே தொடங்குபவர்களுக்குப் போதும். பிரான்ஸைச் சேர்ந்த ஜான்-பியர் ஷரா 1992-ல் தொடங்கியது இது. பிறகு செர்ன் ஆய்வு மையமும் இதன் வளர்ச்சிக்கு கைகொடுத்தது.

முதலில் எந்தக் கால் எதோடு சேர வேண்டும் என்று சர்க்யூட் படம் வரைய வேண்டும். அடுத்து ஒவ்வொரு பாகத்துக்கும் போர்டில் வரும் துளைகளின் அளவை, அதாவது 'ஃபுட்பிரின்ட்'டை தேர்வு செய்ய வேண்டும். கடைசியில் செம்புப் பாதைகளை வரைய வேண்டும். முடித்ததும் மென்பொருள் தரும் 'கெர்பர்' ஃபைல்களையும் துளைகளுக்கான ஃபைலையும் ஜிப் செய்து, நிறுவனத்தின் தளத்தில் அப்லோட் செய்தால் விலை வந்துவிடும்.

காசு வீணாகும் இடங்கள்

*சிப்பின் அகலம்:* 28 கால் சிப்புகளுக்கு இரண்டு அகலங்கள் உண்டு. ஏடிமெகா328பி-க்கு தேவை 7.62 மி.மீ அகலம். தவறுதலாக 15.24 மி.மீ தேர்வு செய்தால் சிப் போர்டில் உட்காரவே உட்காராது.

*பேப்பர் சோதனை:* டிசைனை நிஜ அளவில் பிரின்ட் எடுத்து, வாங்கிய பாகங்களை அதன் மேல் வைத்துப் பாருங்கள். அகலத் தவறு இங்கேயே தெரிந்துவிடும்.

*மறந்துபோகும் கால்கள்:* 7-வது காலுக்கு மட்டுமல்ல, 20-வது காலுக்கும் 5 வோல்ட் போக வேண்டும். 8, 22 இரண்டும் கிரவுண்ட். சப்ளை கால்களுக்குப் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள்.

*டிஆர்சி சோதனை:* பாதைகள் மிக நெருக்கமாக இருக்கிறதா, இணைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று மென்பொருளே சொல்லும். அதில் ஒரு எரர் இருந்தாலும் ஆர்டர் போடாதீர்கள்.

*மொத்தச் செலவு:* போர்டின் விலை குறைவாகத் தெரியும். வெளிநாட்டு ஆர்டர் என்றால் கூரியர் கட்டணம், சுங்க வரியையும் கூட்டிப் பாருங்கள்.

சிப்புக்குள் கோடு ஏற்றுவது எப்படி?

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஊனோவில் யுஎஸ்பி கேபிள் மாட்டினாலே கோடு ஏறுவதற்கு காரணம், அந்த சிப்பில் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும் 'பூட்லோடர்' என்ற சிறு புரோகிராமும், போர்டில் இருக்கும் யுஎஸ்பி சிப்பும்தான். கடையில் வாங்கும் புது சிப் பெரும்பாலும் காலியாகத்தான் வரும்.

அதற்கு 'ஐஎஸ்பி' என்ற ஆறு இணைப்பு வழி உண்டு: மோசி, மிசோ, எஸ்சிகே, ரீசெட், 5 வோல்ட், கிரவுண்ட். முதல் நான்கும் சிப்பின் 17, 18, 19, 1 ஆகிய கால்கள். போர்டிலேயே இந்த ஆறுக்கும் ஒரு கனெக்டர் வைத்துவிடுங்கள். ரீசெட் காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் வேண்டும்.

தனியாக புரோகிராமர் வாங்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் ஊனோவில் 'அர்டுயினோ ஐஎஸ்பி' என்ற உதாரண புரோகிராமை ஏற்றினால் அதுவே புரோகிராமர் ஆகிவிடும். ஊனோவின் 11, 12, 13 பின்களை முறையே மோசி, மிசோ, எஸ்சிகே-வுடன் இணையுங்கள். 10-வது பின் ரீசெட்டுக்கு. 5 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டுக்கும் பொது. ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால், நடுவில் அது ரீசெட் ஆகாது.

ஃபியூஸ் பிட்ஸ்: உஷார்!

சிப் எந்த வேகத்தில், எந்த கிளாக்கில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்பவை 'ஃபியூஸ் பிட்ஸ்'. புது சிப் தனக்குள் இருக்கும் கிளாக்கில் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஊனோவுக்கான பூட்லோடரை ஏற்றினால் அது வெளியே இருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைத் தேடும். உங்கள் போர்டில் கிரிஸ்டல் இல்லையென்றால் சிப் செத்த மாதிரி ஆகிவிடும். உண்மையில் அது கெடவில்லை. கிரிஸ்டல் இணைத்தால் மறுபடி பேசும்.

ஆனால் ரீசெட் காலையே முடக்கும் ஃபியூஸை மாற்றினால் ஐஎஸ்பி வழி அடைபட்டுவிடும். மீட்க 12 வோல்ட் புரோகிராமர் தேவைப்படும். புரியாத ஃபியூஸைத் தொடவே வேண்டாம்.

போர்டு வந்ததும் என்ன செய்வது?

பவர் கொடுக்கும் முன், 5 வோல்ட்டும் கிரவுண்டும் ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சிப்பை நேரடியாக சால்டர் செய்யாமல் ஐசி பேஸ் போடுங்கள். முதலில் சிப் இல்லாமல் பவர் கொடுத்து, 7, 20 இரண்டு கால்களிலும் 5 வோல்ட் வருகிறதா என்று உறுதி செய்த பிறகு சிப்பை மாட்டுங்கள்.

முதல் போர்டிலேயே எல்லாம் சரியாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது தடவை திருத்தி ஆர்டர் போடும் நாட்களையும் கணக்கில் வைத்துத் தொடங்குங்கள். ரிவ்யூவுக்கு முந்தைய வாரம் போடும் ஆர்டரில் அந்த வாய்ப்பு இருக்காது.