குருவானவர் இல்லாத காலத்துச் செபம்



1658ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அதே ஆண்டு புரட்டாதியில் ஒரு கட்டளை பிறந்தது. கத்தோலிக்கக் குரு ஒருவருக்குப் புகலிடம் கொடுப்பவர் எவராயினும் அவருக்கு மரண தண்டனை என்பதே அதன் சாரம். குருமார் வெளியேற்றப்பட்டனர். பூசை நின்றது, பாவசங்கீர்த்தனம் நின்றது. அதன் பின் 29 ஆண்டுகள் யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்கென்று நிலையாக ஒரு குருவானவர் இருக்கவில்லை. அந்த 29 ஆண்டுகளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். நமது வரலாற்று நூல்கள் இக்காலத்தை ஒரு வாக்கியத்தில் தாண்டி, 1687இல் வந்த யோசேப் வாஸ் அடிகளாரிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அடிகளார் வந்து தேடியபோது கண்டெடுப்பதற்கு ஏதோ ஒன்று எஞ்சியிருந்ததே, அது எப்படி எஞ்சியது என்று கேட்பவர் குறைவு.

இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு நூற்றாண்டு பின்னே போகவேண்டும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரிந்த சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழிலாக்கித் தாமே மனனம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டினார். சிறுவர் பாடம் கேட்டனர். பின்பு அவர்களே வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்கும் அயலவருக்கும் சொல்லிக்கொடுத்தனர். ஊருக்கு ஊர் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, தாம் இல்லாத நாட்களில் செபத்தை நடத்தும் பொறுப்பை அவரிடம் விட்டார். 1544இல் சங்கிலி மன்னன் காலத்தில் மன்னாரில் உயிரிழந்த கிறிஸ்தவர்கள், சவேரியார் அனுப்பிய ஒரு குருவிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களே. சவேரியார் விட்டுச் சென்ற வேலையை அன்றிக் அடிகளார் தொடர்ந்தார். 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்று என்பதை நேயர்கள் அறிவீர்கள். அது கிறிஸ்தவ மறையையும் செபங்களையும் கற்பிக்கும் சிறு நூல். ஆனால் அச்சுப் புத்தகம் சென்ற இடம் சிறிது, செவிவழியாகச் சென்ற இடமே பெரிது. கிறிஸ்தவச் செபம் நமது கரைகளில் வாய்மொழி இலக்கியமாகவே வேரூன்றியது.

அந்தப் பெயர்களையும் சற்றுக் கவனியுங்கள். பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், செபமாலை. ஜபம், மந்திரம், மாலை ஆகிய மூன்றும் இந்த மண்ணில் முன்பே இருந்த சொற்கள். உருத்திராட்சம் உருட்டிய விரல்களுக்குச் செபமாலை முற்றிலும் அந்நியப் பொருளாக இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஒல்லாந்தர் காலத்துக்கு வருவோம். போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் புதிய ஆட்சியில் புரட்டஸ்தாந்து ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. 1658 முதல் 1665 வரை இங்கு பணிபுரிந்த பல்டேயஸ் பாதிரியார், பின்னர் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட பெரிய நூலில் தெல்லிப்பழை, மல்லாகம் முதலிய ஊர்களின் பள்ளிகளையும் மாணாக்கரையும் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். தமிழில் பரலோக மந்திரத்தையும் அந்நூலில் அச்சிட்டார். பிழைகள் மலிந்த தமிழ்தான், ஆயினும் உழைப்பு மெச்சத்தக்கது. பள்ளிகளில் பிள்ளைகள் அந்தச் செபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் மனப்பாடம் செய்தனர். பிறப்பும் திருமணமும் பள்ளித் தோம்பில் பதியப்பட்டன. தோம்பில் பெயர் இல்லாதவருக்குத் திருமணமும் முதுசொத்தும் சிக்கலாயின. உத்தியோகமோ கிறிஸ்தவருக்கே என்றிருந்தது. ஆகவே சைவரும் போய்ப் படித்தனர், கத்தோலிக்கரும் போய்ப் படித்தனர்.

பகலில் பள்ளியில் ஆசிரியர் கேட்கச் சொன்ன அதே பரலோக மந்திரத்தை இரவில் கத்தோலிக்கப் பிள்ளை வீட்டில் மீண்டும் சொன்னது. சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. சொல்லும் காரணம் வேறு. பகற்செபத்துக்குத் தோம்பில் ஓர் இடம் கிடைத்தது. இரவுச் செபத்தினால் கிடைக்கக்கூடியது தண்டனை ஒன்றுதான். சைவ வீடுகளில் விரத நாளில் உண்ட இலையை வெளியே எறியாமல் கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்று நம் முதியோர் சொல்லுவார்கள் அல்லவா? அந்த இலையும் இந்தச் செபமாலையும் ஒரே காலத்தில் ஒரே அச்சத்தில் ஒளித்து வைக்கப்பட்டவை. இந்த ஒற்றுமையை நமது சமய வரலாற்றாசிரியர்கள் இரு தரப்பாரும் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

செபமாலை எவ்வாறு சொல்லப்படுகிறது என்று அறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. ஒவ்வொரு மந்திரத்தின் முற்பாதியையும் ஒருவர் தொடங்குவார், பிற்பாதியை மற்றவர்கள் சேர்ந்து முடிப்பார்கள். பத்து மணிக்கு ஒரு தேவ இரகசியம். அக்காலத்தில் அவை பதினைந்து. கிறிஸ்துவின் பிறப்பு, பாடு, உயிர்ப்பு எல்லாம் அதில் அடக்கம். எழுத்தறியாத ஒரு மூதாட்டி, கையில் ஏடு எதுவும் இல்லாமல், சுவிசேஷக் கதையை விரல் நுனியில் வைத்திருந்தாள். தனித்திருந்து சொல்ல நேர்ந்தால் முற்பாதியையும் பிற்பாதியையும் அவளே சொல்லவேண்டும். அங்கே இல்லாதவர்களின் குரலுக்கும் சேர்த்து அவள் விடை சொல்கிறாள். பரலோக மந்திரத்தில் இறைவனை விளிப்பவர் தனியாளாக இருந்தாலும் 'என்' என்று சொல்வதில்லை, 'எங்கள்' என்றே சொல்கிறார். தனிச் செபம் உயர்ந்தது, கூட்டுச் செபம் சாதாரண மக்களுக்கு என்று தரம் பிரித்துப் பேசுவோரை நான் கேட்டிருக்கிறேன். அந்த 29 ஆண்டுகளில் அப்படிப் பிரித்திருந்தால் இரண்டில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தனித்த குடும்பங்களே கூட்டமாகத் திரண்ட இடங்களும் இருந்தன. 1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தங்கள் தேவமாதா சிலையைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் மருதமடுவை அடைந்தன என்பது மரபு. மடுத் திருத்தலத்தின் தொடக்கம் அதுவே.

1687. கோவாவில் பிறந்த கொங்கணிப் பிராமணக் குலத்து வாஸ் அடிகளார் தூத்துக்குடி வழியாக, ஜோன் என்னும் பணியாளருடன், பிச்சைக்காரர் கோலத்தில் கடல் கடந்து வந்தார். வந்தவுடன் வயிற்றோட்டம் அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. யாழ்ப்பாணத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த அந்த அந்நியருக்கு ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள். அவள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. உடல் தேறியதும் அடிகளார் கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். உணவைப் பெற்றுக்கொண்டே, மாலையைக் கண்டதும் எந்தக் கண்கள் கலங்குகின்றன என்று பார்த்தார். குருவானவர் மந்தையைத் தேடிய கதையாக இது சொல்லப்படுகிறது. நான் இதை மறுபுறமிருந்து பார்க்கிறேன். 29 ஆண்டுகளாகக் கதவுக்கு உள்ளே சொல்லிவந்த செபம், கதவுக்கு வெளியே நின்ற ஒரு மாலையை அடையாளம் கண்டுகொண்டது. அந்நியரைச் சோதித்துப் பார்த்தவர்கள் வீட்டாரே.

பின்னர் சில்லாலை அவருக்கு அரணாயிற்று. இரவில் பூசை, விடியுமுன் இடம் மாற்றம் என்று நாட்கள் நகர்ந்தன. ஒரு நத்தார் இரவில் ஒல்லாந்தர் திடீரெனப் புகுந்து, கூடியிருந்தவர்களைக் கைது செய்தனர். அகப்பட்டவர்கள் ஏறக்குறைய முந்நூறு பேர். அவர்களுள் சிலர் அடியினாலும் சிறையினாலும் உயிரிழந்தனர். அடிகளார் மட்டும் அகப்படவில்லை. 1690இல் அவர் புத்தளம் சென்றார். 1692இல் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். சிறையிலே சிங்களம் கற்றார். சிறை முற்றத்திலே ஒரு குடிசையைச் செபக்கூடமாக அமைத்தார்.

ஒருவர் ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிது. ஆகவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அவர் நியமித்தார். மூப்பர் கோயில் காரியங்களைப் பார்ப்பார். அண்ணாவியார் ஞாயிறுகளில் செபம் சொல்லுவார், பிள்ளைகளுக்கு மறை கற்பிப்பார், மரணப் படுக்கையில் கிடப்பவர் அருகே இருப்பார், குழந்தை சாகும் தறுவாயில் இருந்தால் ஞானஸ்நானமும் கொடுப்பார். அண்ணாவி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நாட்டுக்கூத்துத்தான் நினைவுக்கு வரும். கூத்தைப் பழக்குபவரும் அண்ணாவி, செபத்தைப் பழக்குபவரும் அண்ணாவி. குருநகரிலும் பாசையூரிலும் மன்னார்க் கரையிலும் இவ்விரு தொழிலும் அயல் வீடுகளாகவே இருந்தன.

இங்கே இலக்கியம் வந்து சேர்கிறது. 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், சிங்களத்திலும் தமிழிலும் அண்ணாவிமார் கையில் கொடுக்கத்தக்க நூல்களை எழுதிக் குவித்தார். ஒல்லாந்தர் கொழும்பில் அச்சியந்திரம் நிறுவி 1737இல் சிங்களச் செபநூலை வெளியிட்டபோது, கொன்சால்வெஸ் அடிகளாரின் நூல்கள் ஓலையில் படியெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் போயின. அச்சு ஒரு பக்கம், எழுத்தாணி மறுபக்கம். அவருடைய தமிழ் நூல்களில் எனக்கு மிக அருமையாகப் படுவது 'வியாகுலப் பிரசங்கம்'. கிறிஸ்துவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாகச் சொல்லும் நூல். தவக்காலத்தில் ஒருவர் அதை இழுத்து, ஒப்பாரியின் சாயலுள்ள இராகத்தில் வாசிக்க, கூட்டம் தரையில் அமர்ந்து கேட்கும். முதன்முறை அதைக் கேட்டபோது எனக்கு வசனங்கள் பாதிதான் புரிந்தன. ஆனால் செத்த வீட்டில் நம் பெண்கள் அழும் அழுகை எங்கே முடிகிறது, செபம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதிருந்தது. மகனை இழந்த எந்தத் தாயும் அந்தக் கூட்டத்தில் அந்நியளாக இருக்க மாட்டாள். நமது நாட்டில் அத்தகைய தாய்மார் எத்தனை பேர் என்று நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வாஸ் அடிகளார் 1711 தை 16ஆம் திகதி கண்டியில் மறைந்தார். கொன்சால்வெஸ் அடிகளார் 1742இல் போலவத்தையில் மறைந்தார். 1796இல் ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தனர். கட்டாயம் தளர்ந்தவுடன் தோம்பிலே பதிந்திருந்த பெருந்தொகைப் புரட்டஸ்தாந்தர் சில ஆண்டுகளிலேயே கரைந்துபோயினர். 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீங்கியபோது, அவர்கள் ஊர் ஊராகச் செபமாலையுடன் வெளியே வந்தனர். இதை வைத்துக்கொண்டு ஒரு சபையை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவது நேர்மையன்று. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார், கட்டாயப்படுத்தும் அதிகாரம் எதுவுமின்றி, உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் வளர்த்த புரட்டஸ்தாந்து சபை இன்றும் நம்மிடையே இருக்கிறது. அங்கேயும் குடும்பச் செபமும் தனிச் செபமும் சபைச் செபமும் ஒன்றையொன்று தாங்கியே நின்றன.

2015 தை 14ஆம் திகதி காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ், யோசேப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்குப் போனார். கஞ்சி கொடுத்த அந்தப் பெண்ணின் பெயரும் சில்லாலையில் கதவைத் திறந்து வைத்தவர்களின் பெயர்களும் எந்தப் பட்டியலிலும் இல்லை. தவக்காலம் வந்தால் 'வியாகுலப் பிரசங்கம்' இன்றும் நம் கரையோர ஊர்கள் சிலவற்றில் வாசிக்கப்படுகிறது. வாசிப்பவர் பெரும்பாலும் அவ்வூர்க் கடற்றொழிலாளி ஒருவர். தன் தகப்பனிடமிருந்து அந்த இராகத்தைப் பிடித்துக்கொண்டவர்.